கிரிம்மிடம் யாரும் கேட்கவில்லை

1897இல் அமெரிக்க வேளாண்மைத் துறை, தெற்கு டகோட்டாவில் இருந்த நீல்ஸ் ஹான்சன் என்ற பேராசிரியரை ருஷ்யாவுக்கு அனுப்பிவைத்தது. கடுங்குளிரில் சாகாத பயிர்கள் வேண்டும், அதிலும் முக்கியமாகக் குதிரை மசால் என்ற தீவனப் பயிர் வேண்டும் என்பது கட்டளை. ஹான்சன் மத்திய ஆசியாவையும் சைபீரியாவையும் குதிரை வண்டி, பனிவண்டி என்று கிடைத்ததில் ஏறிக் கடந்து, மூட்டை மூட்டையாக விதையோடு திரும்பினார். தாவர வேட்டை வரலாற்றில் அது ஒரு வீரக்கதை. எங்கள் துறையில் அதை ரசித்துச் சொல்லாதவர்கள் குறைவு.

அதே 1897இல், பக்கத்து மாநிலமான மினசோட்டாவில், கார்வர் கவுண்டி என்ற பகுதியில், குளிரில் சாகாத குதிரை மசால் வருஷம் தவறாமல் துளிர்த்து, மாடுகளுக்குத் தீனியாகப் போய்க்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக. அதை உருவாக்கிய வெண்டெலின் கிரிம் என்ற ஜெர்மானியக் குடியேறி இறந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் துறை என்று நான் சொல்வதில் வேளாண் பட்டம் படித்தவர்கள், ஆய்வு நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள், விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள், என்னைப் போலப் பத்திரிகையில் பயிர்ப் பக்கம் எழுதுகிறவர்கள் எல்லோரும் உண்டு. குதிரை மசாலைப் பற்றி நாங்கள் நிறைய எழுதியிருக்கிறோம். கோ 1 ரகம், ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை, விதைத்த 75, 80 நாளில் முதல் வெட்டு, பிறகு 25, 30 நாளுக்கு ஒரு வெட்டு, கறவை மாட்டுக்குப் புரதம். எந்த நிலையம் எந்த ஆண்டு வெளியிட்டது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அதே பயிரை வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிக்குக் கொண்டுசேர்த்த மனிதரைக் கேட்டால் விழிப்போம். தெரிந்தவர்கள் சொல்லும் விதமோ இன்னும் மோசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிரிம் 1818இல் பாடன் நாட்டில், க்யூல்ஸ்ஹைம் என்ற சிற்றூரில் பிறந்தார். திராட்சைத் தோட்டங்களும் சின்னச் சின்ன வயல்களுமாக இருந்த பகுதி அது. 1857இல், முப்பத்தொன்பது வயதில், மனைவி ஜூலியானாவோடும் பிள்ளைகளோடும் கப்பலேறி மினசோட்டாவுக்கு வந்தார். சாஸ்கா என்ற ஊருக்கு அருகே நிலம் வாங்கினார். அந்த வருஷம்தான் அமெரிக்கப் பணச்சந்தை உடைந்தது. மினசோட்டாவில் கையில் காசு புழங்குவதே நின்றுபோன காலம். புதிதாக வந்து இறங்கியவருக்கு அதைவிடக் கெட்ட நேரம் வாய்த்திருக்காது.

அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு பெட்டி விதை இருந்தது. ஊரில் பயிரிட்டுவந்த பழைய ஃபிராங்கோனியக் குதிரை மசால் விதை. இருபது பவுண்டுக்கும் குறைவு, அதாவது ஒன்பது கிலோவுக்குள். நம் ஊர்ப் பரிந்துரைப்படி ஒரு ஏக்கருக்குத்தான் காணும். ஆனால் குதிரை மசால் விதை மிகச் சிறியது, ஒரு கிலோவில் நான்கரை லட்சம் விதை இருக்கும். அந்தப் பெட்டிக்குள் லட்சக்கணக்கான தனித்தனிச் செடிகள் இருந்தன. தனித்தனி என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குதிரை மசால் தேனீயால் அயல் மகரந்தச் சேர்க்கை அடைகிற பயிர். நெல்லைப்போல ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்காது. ஒவ்வொரு விதைக்கும் குணம் வேறு. கிரிம் கொண்டுவந்த வகையில் ஊதாப் பூக்காரக் குதிரை மசாலோடு மஞ்சள் பூ பூக்கும் காட்டு உறவின் கலப்பும் எப்போதோ நேர்ந்திருந்தது. பூக்கள் ஊதா, மஞ்சள், பச்சைக் கலப்பு என்று பல நிறத்தில் வரும். குளிரைத் தாங்கும் குணம் அந்த மஞ்சள் பூ உறவின் வழி வந்த சொத்து.

1858 வசந்தத்தில் முதல் விதைப்பு. மினசோட்டா ஒரு மாநிலமாக அறிவிக்கப்பட்டதும் அதே வசந்தத்தில்தான். அடுத்து வந்த பனிக்காலம் பயிரில் பெரும்பகுதியைக் கொன்றது.

குளிர் இந்தப் பயிரை எப்படிக் கொல்கிறது என்பதை நம்மில் பலர் பார்த்திருக்க வழியில்லை. அங்கே பனிக்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்குவது அதிசயம் இல்லை. செடியின் மேல்பகுதி கருகிவிடும், அது பெரிய விஷயமல்ல. உயிர் இருப்பது மண்மட்டத்தை ஒட்டிய தூரில். இலையுதிர் காலத்தில் பகல் குறையும்போது, சமர்த்தான செடி வளர்வதை நிறுத்திவிட்டு மாவுச்சத்தைத் தூரிலும் வேரிலும் சேர்த்துவைக்கும். சமர்த்தில்லாத செடி இன்னும் தழைத்துக்கொண்டே இருந்து, வெறும் கையோடு பனியில் மாட்டிக்கொள்ளும். மேலே பனிப்போர்வை கனமாகக் கிடந்தால் தூர் பிழைக்கும். காற்று பனியை அடித்துக்கொண்டு போன மேட்டு நிலத்தில் செத்துப்போகும். மார்ச்சில் இன்னொரு கண்டம். பகலில் மண் இளகி இரவில் உறைந்து, மறுபடி இளகி மறுபடி உறைந்து, ஆணிவேரையே மண் மேலே பிதுக்கித் தள்ளிவிடும். ஏப்ரலில் போய்ப் பார்த்தால் பயிர் வேரோடு வெளியே நிற்கும்.

இதில் பிழைத்தவை சில. கிரிம் அவற்றிலிருந்து விதை எடுத்தார். மறுபடி விதைத்தார். மறுபடி பனி கொன்றது. மறுபடி பிழைத்ததிலிருந்து விதை. ஆண்டுக்கணக்கில் இதுதான் நடந்தது. ஒவ்வொரு பனிக்காலத்துக்குப் பிறகும் சாவு குறைந்துகொண்டே வந்தது.

ஒற்றை வாக்கியத்தில் சொல்லிவிட்டதால் சுலபமாகத் தெரிகிறது. விதைக்கு விடுவது என்றால் அந்த வெட்டின் தீவனம் போயிற்று என்று பொருள். மினசோட்டாவின் ஈரக் கோடையில் குதிரை மசால் விதை சரியாகப் பிடிக்காது. அமெரிக்காவின் குதிரை மசால் விதையில் பெரும்பங்கு இன்றைக்கும் வறண்ட மேற்கு மாநிலங்களிலிருந்துதான் வருகிறது. பிழைத்தது கொஞ்சம், அதில் காய் பிடித்தது கொஞ்சம், அதை உலர்த்தி, அடித்து, புடைத்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது பிடி விதை. அக்கம்பக்கம் எல்லோரும் கோதுமை போட்டுக் காசு பார்த்த காலத்தில், வருஷா வருஷம் செத்துப்போகிற ஒரு தீவனச் செடிக்கு இத்தனை மெனக்கெட்டிருக்கிறார். ஜார்ஜ் வாஷிங்டனும் ஜெஃபர்சனும்கூடத் தங்கள் பண்ணைகளில் இந்தப் பயிரைப் போட்டுப் பார்த்தவர்கள்தான். அவர்களுக்கு வேறு வேலை இருந்தது.

ஒரு வறட்சி ஆண்டில் அக்கம்பக்கத்து மாடுகள் எலும்பும் தோலுமாக இருக்க, கிரிம்மின் மாடுகள் கொழுத்து நின்றன என்றும், மக்காச்சோளம் போட்டு வளர்த்தாயா என்று கேட்ட அயல்காரரிடம் ஒரு மணிகூடப் போடவில்லை, எல்லாம் இந்தத் தீவனம்தான் என்று அவர் சொன்னார் என்றும் ஒரு கதை அந்தப் பகுதியில் வழங்கிவந்தது. அயல்காரர்கள் விதை வாங்கிக்கொண்டு போனார்கள். கார்வர் கவுண்டியில் பயிர் பரவியது. கவனியுங்கள், ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்மீது இந்தக் கட்டுரைக்குப் புகார் இல்லை.

புகார் எங்கள்மீது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பண்ணை கிரிம்மின் நிலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்தது. 1887இல் வந்த ஹாட்ச் சட்டம் மாநிலந்தோறும் ஆய்வு நிலையங்களுக்கு நிதி ஒதுக்கியது. மினசோட்டாவுக்கு ஏற்ற குதிரை மசால் கிடையாது என்பது அன்றைய பொதுக் கருத்து. சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து மேற்கே கொடிகட்டிப் பறந்த விதையை வடக்கே போட்டால் முதல் பனியிலேயே போய்விடும். இந்தப் பிரச்சினைக்கு விடை ஒரு நாள் வண்டிப் பயணத் தூரத்தில் இருந்தது. கிரிம் 1890இல் இறந்தார். அதுவரை எந்த நிலையத்திலிருந்தும் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு அவர் வாசலுக்குப் போனதாகப் பதிவு இல்லை.

வெளியுலகுக்குச் சொன்னவரும் ஒரு விவசாயிதான். பக்கத்து ஊரான எக்ஸெல்சியரைச் சேர்ந்த ஆர்தர் லைமன், வெளியிலிருந்து வாங்கிப் போட்ட விதையெல்லாம் பனியில் சாவதையும் கார்வர் பக்கத்து விதை மட்டும் நிற்பதையும் பார்த்து, ஏன் என்று நோண்டினார். பண்ணை பண்ணையாக விதையின் வழியைப் பிடித்துக்கொண்டு போனால் எல்லாம் கிரிம்மின் நிலத்தில் போய் நின்றன. 1900 வாக்கில் லைமன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லெட் ஹேஸின் காதில் போட்டார். ஹேஸ் வந்து பார்த்து அசந்துபோனார். கோதுமையில் தேர்வு முறையில் புது ரகங்கள் எடுத்துப் பெயர் பெற்றவர் ஹேஸ். தான் நிலையத்தில் கட்டம் கட்டிச் செய்துகொண்டிருந்ததை ஒரு மனிதர் ஒரு தலைமுறைக்கு முன்பே தனியாகச் செய்திருக்கிறார் என்பது அவருக்குப் புரியாமல் போயிருக்காது. லைமனின் யோசனைப்படி ரகத்துக்கு கிரிம் என்றே பெயர் வைக்கப்பட்டது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1911இல் வேளாண்மைத் துறையின் சார்ல்ஸ் பிராண்ட், கிரிம் குதிரை மசாலைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். கோதுமையை மட்டும் நம்பி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த வட மாநிலங்கள் மாட்டுப்பண்ணைக்கு மாறிய காலத்தில், மண்ணுக்குத் தழைச்சத்தும் மாட்டுக்குப் புரதமும் தந்து, விதைத்தால் பல ஆண்டு நிற்கும் பயிர் ஒன்று தயாராகக் கையில் இருந்தது. கனடா வரைக்கும் போயிற்று. விலை ஏறியது. சாதா விதையை கிரிம் என்று சொல்லி விற்கிறவர்கள் முளைத்தார்கள், அதைத் தடுக்க விதை வளர்ப்போர் சங்கங்களும் சான்றளிப்பும் வந்தன. போலி போடும் அளவுக்கு மதிப்புள்ள பெயராகிவிட்டது கிரிம். 1924இல் அவருடைய பழைய பண்ணையில் ஒரு பாறையில் வெண்கலப் பட்டயம் பதித்தார்கள், அவர் இறந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து. 1974இல் பண்ணைவீட்டைத் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் சேர்த்தார்கள்.

கல் வைத்தாயிற்று, பெயர் வைத்தாயிற்று, பிறகென்ன புறக்கணிப்பு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

கிரிம்மின் கதையை எங்கள் துறை சொல்லும் விதத்தைக் கேட்டுப் பாருங்கள். எளிய குடியானவர், தான் செய்வது என்னவென்று அறியாமலேயே ஒரு பெரும் காரியத்தைச் செய்துவிட்டார். பனி தேர்ந்தெடுத்தது, செடி பழகிக்கொண்டது, அவர் நடுவில் நின்றார். இதுதான் பாடம். பின்னால் மஞ்சள் பூக் கலப்பு கண்டுபிடிக்கப்பட்டதும் அந்தக் கொஞ்ச மரியாதையையும் பிடுங்கிக்கொண்டோம். குளிர் தாங்கும் குணம் பெட்டியிலேயே இருந்திருக்கிறது, அவர் கொண்டுவந்தார், அவ்வளவுதான் என்றோம்.

எங்கள் நிலையங்களில் நடக்கும் தேர்வு முறைக்கும் இதே வாதம் பொருந்தும் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம். பூச்சி தாங்கும் நெல் வேண்டும் என்றால் நாங்களும் பூச்சியைவிட்டுத்தான் தின்ன வைக்கிறோம். தின்னாமல் விட்டதைப் பொறுக்குகிறோம். பூச்சி தேர்ந்தெடுத்தது, விஞ்ஞானி சும்மா நின்றார் என்று எந்த ரக வெளியீட்டு விழாவிலும் யாரும் பேசியதில்லை. பலவகைக் குணம் கலந்த விதை, கடும் சோதனை, பிழைத்ததில் விதை எடுத்து மறு விதைப்பு, தலைமுறைக்குப் பின் தலைமுறை. கிரிம் செய்தது பாடப்புத்தகத்தில் உள்ள அதே தேர்வு முறை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு பாத்தியும் கணக்கு நோட்டும் அவரிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் பனியில் செத்த பயிரை உழுது புரட்டிவிட்டு கோதுமை போடும் உரிமை அவருக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் இருந்தது. அந்த உரிமையை அவர் பயன்படுத்தவில்லை. அது தற்செயல் என்றால், திட்டமிட்ட செயல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அறியாமல் செய்தார் என்று எங்களால் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது? அவரிடம் கேட்டவர் யாரும் இல்லை, அதனால்தான். உயிரோடு இருந்தபோது கேட்காமல் இருந்துவிட்டு, அவர் சொன்னதாக ஒன்றும் இல்லை என்பதையே அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டோம். எங்கள் துறை செய்த தவறுகளில் இது ஒன்றும் பெரியதில்லை, பழக்கமானது, அதனால்தான் வெட்கப்பட வைக்கிறது.

முப்பது பனிக்காலம் ஒரு பயிரோடு மல்லுக்கு நின்றவருக்குத் தெரிந்திருக்கக்கூடியவை என்னென்ன? கடைசி வெட்டை எந்த வாரத்தோடு நிறுத்த வேண்டும். மாட்டை எப்போது உள்ளே விடக் கூடாது. வடக்குச் சரிவு பிழைத்ததா, தெற்குச் சரிவு பிழைத்ததா. பிழைத்த செடிகளில் எல்லாவற்றிலும் விதை எடுத்தாரா, கண்ணுக்குத் திடமாகத் தெரிந்ததில் மட்டும் எடுத்தாரா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் கிடைத்திருந்தால் பயிர்ப் பெருக்க வரலாற்றில் அவர் இடமே வேறாக இருந்திருக்கும். 1890க்கு முன் யாராவது ஒரு மாலைப்பொழுது அவரோடு உட்கார்ந்திருந்தால் போதும், அதுவும் ஜெர்மன் தெரிந்தவராக இருந்திருந்தால் ரொம்ப நல்லது. அந்தப் பகுதியில் ஜெர்மன் பேசாதவரைத் தேடுவதுதான் கடினமாக இருந்திருக்கும்.

ஜூலியானாவைப் பற்றி எழுதப் பெயருக்கு மேல் எதுவும் இல்லை. விதையை உலர்த்தியது, புடைத்தது, எலிக்குத் தப்ப வைத்தது எல்லாம் யார் கை என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சான்று இல்லாமல் எழுத முடியாது. அந்த நிலத்தின் கதையும் இப்படித்தான். 1851இல் டகோட்டா மக்களோடு போட்ட இரண்டு ஒப்பந்தங்கள் வழியாகத்தான் அது குடியேறிகளின் கைக்குப் போனது. 1862இல் போர் மூண்டு, அடுத்த ஆண்டில் டகோட்டாக்கள் மாநிலத்தைவிட்டே விரட்டப்பட்டார்கள். பிழைத்த செடிகளிலிருந்து கிரிம் விதை பொறுக்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. புறக்கணிப்புக்கு வருந்தும் கட்டுரையும் இதை ஒரு பத்தியில் கடந்துதான் போகிறது.

கிரிம் ரகத்தின் ஆட்சி நிலைக்கவில்லை. 1925இல் பாக்டீரிய வாடல் நோய் என்ற புதிய எதிரி இனங்காணப்பட்டது. பனியை வென்ற கிரிம்முக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை. 1940களில் நோய் தாங்கும் ரகங்கள் வந்ததும் கிரிம் வயலைவிட்டு மெல்ல விலகியது. ரகம் போனதும் பாடத்திலிருந்து ஆளும் போனார். வணிகத்தில் இல்லாத ரகத்துக்கு எங்கள் கையேட்டில் ஒரு வரிகூட மிஞ்சாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ரத்தம் போகவில்லை. அமெரிக்கக் குதிரை மசாலின் மூல வித்துகள் ஒன்பது என்று 1970களில் அறிஞர்கள் வகைப்படுத்தினார்கள். சிலி, பெரு, ஃபிளெமிஷ், துருக்கிஸ்தான், ஆப்பிரிக்கா, இந்தியா, லடாக் என்று ஏழும் ஊர்ப் பெயர்கள். லடாக் என்பது நம் லடாக்தான், 1910இல் அங்கிருந்து போன விதை. மீதி இரண்டும் தாவரவியல் லத்தீன் பெயர்கள். ஒன்று மஞ்சள் பூக் காட்டு இனம், இன்னொன்று கலப்பினம். கிரிம்மின் விதை அந்தக் கலப்பினத் தலைப்புக்குள் அடங்குகிறது. தன் பெயரோடு விற்ற பயிர், மூலப் பட்டியலில் லத்தீனுக்குள் போய்விட்டது. லடாக் விதையைக் கொடுத்த விவசாயிக்கு அதுவும் இல்லை.

நம் பக்கத்தில் மட்டும் நிலைமை வேறா? மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ரகடே என்ற சிறு விவசாயி, தன் வயலில் வேறுபட்டு நின்ற நெற்கதிர்களைப் பொறுக்கி, விதைத்து, ஒரு சன்ன ரகத்தை எடுத்தார். அதற்குக் கைக்கடிகாரத்தின் பெயரால் எச்எம்டி என்று பெயர் வந்தது. அந்த அரிசியைச் சாப்பிட்டவர்கள் பல லட்சம். 2005இல் அவருக்கு விருது கிடைத்தது, 2018இல் ஏழ்மையோடுதான் இறந்தார். விவசாயியும் ரகத்தின் உரிமையாளராகப் பதிவு செய்யலாம் என்று நம் நாட்டில் 2001இலேயே சட்டம் இருக்கிறது, பல நாடுகளில் இல்லாத நல்ல சட்டம். சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. விவசாயியின் வாசலுக்குப் போய் விண்ணப்பத்தை நிரப்பித் தரும் வேலை எங்களுடையது. அதை நாங்கள் எத்தனை பேர் செய்தோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

உலக விதை வங்கிகளுக்குப் பொதுவாக ஒரு விவரப் படிவம் இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் பயோவெர்சிட்டி இன்டர்நேஷனலும் சேர்ந்து வகுத்தது. விதை எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு அதில் வயல், கொல்லைப்புறம், களஞ்சியம், சந்தை என்று தனித்தனிக் குறியீடு உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் எல்லாம் உண்டு. உருவாக்கியவர் என்ற இடத்தில் முதலில் நிறுவனத்தின் குறியீட்டைக் கேட்கிறது. குறியீடு இல்லாதபோது மட்டும் பெயரை எழுதலாம். அங்கேயும் நிறுவனத்தின் பெயர் என்றுதான் போட்டிருக்கிறது, அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள், அல்லது நபர்.